பூட்ஸ் கத்திக்கு ஓர் உறை

செப்டம்பர் 2, செவ்வாய்

ஒரு நாற்றம் மூக்குக்குப் பழகிப்போக எத்தனை நாள் ஆகும்? எனக்குத் தெரியவில்லை. வேதியியலில் ஆய்வுப் பட்டம், இருபது வருஷம் சோதனைக்கூடம், இருந்தும் தெரியவில்லை. இந்தத் தோல் ஆலை நாற்றம் எனக்கு என்றைக்கும் பழகாது என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்திருக்கிறேன். இன்று மதியம், பச்சைத்தோலிலிருந்து வழித்தெடுத்த சவ்வுக் குவியலுக்கு இருபதடி தள்ளி இருக்கும் விருந்தினர் அறையில் உட்கார்ந்து, இரண்டாம் முறையும் பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பாதி சாப்பிட்ட பிறகுதான் உறைத்தது. எதுவும் நாறவில்லை.

கோமேதகம் லெதர்ஸில் எனக்கு இது மூன்றாவது வருஷம். நீரைக் கெடுக்கும் க்ரோம் உப்பு சேர்க்காமல் ஆவாரம்பட்டை, கடுக்காய்ச் சாறு மட்டும் கொண்டு தோல் பதனிடும் ஆலை என்று அவர்களுக்கு எங்கள் சோதனைக்கூடம் சான்று தருகிறது. அதற்காகச் செப்டம்பரில் நான்கு செவ்வாய்க்கிழமைகள் கழிவுநீர் மாதிரி எடுக்க வேண்டும். இன்று முதலாவது.

கசடுத் தொட்டிக் கரையில் கால் வழுக்கியது. வலது கால் முழங்கால்வரை உள்ளே போனது. வாளிக் கயிறு கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. சாம்பல் நிறக் குழம்பு, அதில் மயிர், சுண்ணாம்பு, பெயர் தெரியாத வழவழப்பு. கத்தரிக்கோல் பையில், பை கரையில். என் உதவியாளர் கன்னியப்பன் வந்துதான் அறுத்துவிட்டார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்.

"ஒரு கத்திய பூட்ஸ்லயே சொருகி வச்சுக்கோங்க மேடம். நான் எப்பவும் பக்கத்துலயே நிப்பனா? எனக்கும் ரிட்டயர்மெண்ட் வருதில்ல."

சாப்பாட்டுக்கு முன் வழக்கம்போல் காவலாளி சபாபதி எங்கள் ரப்பர் பூட்ஸ்களை வாங்கிக்கொண்டு போனார். சாப்பிட்டு முடிக்கும்போது கழுவித் துடைத்து வாசலில் வைத்திருப்பார். இந்த மரியாதை வேறெந்த ஆலையிலும் கிடையாது.

திரும்பும்போது ஆலைக்குப் பின்னால் ஓடைமேடு காலனியில் பெண்கள் குடத்தோடு ஆழ்குழாய் அடியில் நின்றார்கள். முன்பெல்லாம் ஆலை செலவில் தண்ணீர் லாரி வருமாம். ஏதோ காரணத்தால் நிறுத்திவிட்டார்கள் என்று கன்னியப்பன் சொன்னார்.

செப்டம்பர் 3, புதன்

கத்தி வாங்கினேன். கடைத்தெருவில் தோல் அறுக்கும் கத்தி, துளையூசி, சுத்தியல் விற்கும் கடை. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பூட்ஸ்ல சொருகுறதா? உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

"சாருக்குன்னு நெனச்சேன்." உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். "காட்டுக்குப் போறவங்க கேப்பாங்கன்னு எடுத்தது. ஒருத்தனும் போவல."

முந்நூற்று நாற்பது ரூபாய். நான்கு விரல் அளவு அலகு, மரப் பிடி, பெயருக்கு ஒரு ரெக்சின் உறை. பெட்டி மேல் கழுகு படம். பார்த்தாலே குமட்டுகிறது. பிடி மேல் அல்வாவில் நெய் வழிவதைப்போல வார்னிஷ். மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் நகம் போகும் இடைவெளி. பித்தளை ஆணிகள் துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறுகின்றன. முனை மட்டும் கூர். மற்றபடி வாழைத்தண்டுகூட அறுபடாது.

ஒரு பொருளைக் கத்தி மாதிரி செய்தால் போதும், கத்தியாக இருக்க வேண்டியதில்லை என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 4, வியாழன்

சென்ற வருஷ அறிக்கையைக் கோப்பிலிருந்து எடுத்தேன். படிக்கவில்லை.

செப்டம்பர் 6, சனி

காலை முழுவதும் கத்தி. உப்புத்தாள் போட்டு வார்னிஷைத் தேய்த்தேன். தேன் நிறப் பொடி பறந்து மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் ஒட்டிக்கொண்டது. அடியில் இருந்த மரம் அவ்வளவு மோசமில்லை. சிவப்பும் பழுப்புமாக நேரான இழை. இதை ஏன் மறைத்தார்கள்? நல்லதை மறைக்கக்கூட ஒரு பூச்சு.

ஆணித் தலைகளை அரத்தால் ராவி மரத்தோடு சமமாக்கினேன். இடைவெளியில், தேய்த்த மரப்பொடியையே பசையோடு குழைத்து அடைத்தேன். இரண்டு துணிக் கிளிப்பும் ரப்பர் வளையமும் போட்டு இறுக்கி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சாணைக்கல்லில் ஒன்றரை மணி நேரம். ஒரே கோணத்தில் பிடித்துத் தள்ள வேண்டும். கோணம் மாறினால் உழைத்தது அத்தனையும் போய்விடும். கடைசியில் செய்தித்தாளை ஓசையில்லாமல் அறுத்தது. பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் தடவினேன். மரம் குடித்தது. மறுபடி தடவினேன், மறுபடி குடித்தது.

கையில் எடுத்தபோது முதல் முறையாக அருவருப்பு இல்லை. ரெக்சின் உறைதான் அதற்குள் கிழிந்துவிட்டது.

செப்டம்பர் 9, செவ்வாய்

இரண்டாவது மாதிரி. வெளியேற்றுக் குழாயில் வந்த நீர் வெளிர் பழுப்பு, டீ வடிகட்டியதுபோல். பட்டைச் சாறு கலந்த நீர் இப்படித்தான் இருக்கும். இரண்டு போத்தல் எடுத்தோம்.

சாப்பிட உட்கார்ந்த இரண்டு நிமிஷத்தில் சபாபதி ஓடி வந்தார். இரண்டு விரலில் தூக்கிப் பிடித்திருந்தது என் கத்தி. செத்த எலியைத் தூக்குவதுபோல.

"சார், மேடம் பூட்ஸ்ல இது இருந்துச்சு சார்."

மேலாளர் மோகனரங்கம் சிரித்தார். ஐம்பது வயதுக்காரர். எப்போதும் வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையில் ஒரு நாளும் ஒரு சொட்டு எதுவும் பட்டு நான் பார்த்ததில்லை.

"என்ன மேடம், நம்ம வீட்டுப் பிரியாணி அவ்வளவு கெட்டியாவா இருக்கு? கத்தியோட வந்துட்டீங்க?"

"கயிறு அறுக்க."

"அதுக்கு இப்படி ஒரு உறையா? தோல் ஆலைக்குள்ள வந்து ரெக்சின் வெச்சிருக்கீங்களே, எங்களுக்கு அசிங்கம் மேடம்." ஆளனுப்பி ஒரு துண்டுத் தோல் கொண்டுவரச் சொன்னார். நல்ல பழுப்பு, கைக்கு மெத்தென்று இருந்தது. "ஐரோப்பாவுக்குப் போற சரக்கு. அசல் ஆவாரம். க்ரோம் ஒரு சொட்டு கிடையாது. நீங்கதான் சர்டிஃபிகேட்டே குடுத்திருக்கீங்களே."

வேண்டாம் என்றேன். ஒரு சாண் தோலுக்கு இவ்வளவு யோசனையா என்றார். வாங்கிக்கொண்டேன். எழுதும்போது எரிச்சலாக இருக்கிறது. ஒரு சாண் தோல்.

மட்டன் இன்று கொஞ்சம் உப்பு.

செப்டம்பர் 10, புதன்

உறை செய்யும் முறை எளிது. பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலை வெந்நீரில் அல்ல, வெறும் நீரில் நனைத்து, கத்தி மேல் சுற்றி விரலால் அழுத்தி, கிளிப் போட்டுக் காயவிட வேண்டும். காய்ந்ததும் விறைத்து, கத்தியின் உருவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். பழைய பாடப்புத்தகத்தில்கூட இருக்கிறது. கத்தியை பாலிதீனில் சுற்றி, நனைத்த தோலை அதன் மேல் அழுத்தி, பன்னிரண்டு கிளிப் போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

கிளிப்பை எடுத்ததும் தோல் மெதுவாக விரிந்து படுத்துவிட்டது. உருவம் நிற்கவில்லை. அழுத்தம் போதவில்லை போலும். என் கை சமையலுக்கே சரிப்படாத கை.

செப்டம்பர் 12, வெள்ளி

மறுபடியும் படுத்துவிட்டது.

செப்டம்பர் 13, சனி

தைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாம் என்று கன்னியப்பனைக் கேட்டேன். ஓடைமேடு காலனிக்கு அழைத்துப் போனார். அவருக்கு அங்கே சொந்தம் உண்டு.

பியூலா வீட்டிலேயே ஷூ மேல்பாகம் தைக்கிறவள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கூடத்தில் பாதியை மிஷின் அடைத்திருக்கிறது, மீதியை மூட்டைகள். வாசலில் நின்றபோதே என் பார்வை ஆழ்குழாய் பக்கம் போனது. குழாயடி சிமெண்டில் மஞ்சள் படலம். அவளுடைய மகள் ஷெரினுக்கு முழங்கைகளில் சொறி. வெள்ளையாக ஏதோ களிம்பு தடவியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

கத்தியைப் பார்த்ததும் பியூலாவுக்குப் பிடித்துப்போயிற்று. பிடியைத் தடவிப் பார்த்தாள். "யார் தேய்ச்சது?"

"நான்தான்."

"பரவால்லியே. படிச்சவங்க கைன்னு சொல்ல முடியாது." அப்புறம் தோலைக் கையில் எடுத்தாள். இரண்டாக மடித்தாள். முகம் மாறியது. "இதுல போயி உறை தைக்கச் சொல்றீங்க. இது நிக்காது மேடம். க்ரோம் தோலு."

"இல்லையம்மா. ஆவாரம்பட்டை."

"யாரு சொன்னது?"

"ஆலையில்."

அவள் கன்னியப்பனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மிஷின் பக்கத்திலிருந்த தோல் கத்தியால் ஓரத்தில் சாய்வாக ஒரே சீவு. வெட்டு முகத்தை வாசல் வெளிச்சத்தில் காட்டினாள். மேலே பழுப்பு. கீழே பழுப்பு. நடுவில் மெல்லிசாக ஒரு நீலச் சாம்பல் கோடு.

"நீலமா கீது பாருங்க நடுவுல. மொதல்ல க்ரோம்ல போட்டு எடுத்துட்டு, அப்பறம் மேலாக்க பட்டைத் தண்ணி காட்டிருக்காங்கோ. பவுடர் பூசுற மாதிரி. நாங்க தெனம் நூறு தோலு அறுக்குறோம் மேடம், எங்களுக்குத் தெரியாதா?"

அந்தக் கோட்டை நகத்தால் கீறிப் பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரிலன்னா பரவால்ல. இந்த ஆலையில க்ரோமே இல்லன்னு எவளோ ஒரு மேடம் ரெண்டு வருசமா கையெழுத்துப் போட்டுக் குடுத்தாளாம். அதக் காட்டித்தான் லாரிய நிறுத்துனாங்கோ. ஆலைத் தண்ணி சுத்தம், உங்களுக்கு எதுக்கு லாரின்னு. இப்ப கேன் தண்ணி வாங்குறோம். வாங்க முடியாத வூட்ல அதத்தான் குடிக்கிறாங்கோ." குழாயைக் கையால் காட்டினாள். "அந்த மேடம் மட்டும் கையில கெடச்சா..."

"கெடச்சா?" என்று கன்னியப்பன் கேட்டார்.

"டீ போட்டுக் குடுப்பேன், இந்தத் தண்ணியில."

எனக்கு அவசரமாக வேலை இருப்பதாகச் சொன்னேன். நல்ல தோல் கிடைத்தால் அதில் உறை தைத்துத் தருவதாகப் பியூலா கத்தியின் அளவைத் தாளில் வரைந்துகொண்டாள். உண்மையான பட்டைத் தோல் எப்படி இருக்கும் என்று பார்க்க, செருப்பு அடிக்குப் போடும் ஒரு துண்டும் கொடுத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மாதிரி காட்டுவதுபோல.

செப்டம்பர் 14, ஞாயிறு

வெட்டு முகம் ஆதாரம் அல்ல. சாயம் உள்ளே இறங்காமலும் அப்படி இருக்கலாம். ஆகையால் சோதனை செய்தேன்.

ஒன்று: பால் காய்ச்சும் பாத்திரத்தில் கொதிக்கும் நீர். பியூலா கொடுத்த துண்டு அரை நிமிஷத்தில் அப்பளம்போல் சுருண்டு கட்டையாகிவிட்டது. பட்டைத் தோல் கொதிநீரைத் தாங்காது, க்ரோம் தோல் தாங்கும். மோகனரங்கம் கொடுத்த தோலின் ஓரத்தில் நறுக்கிய துண்டு மூன்று நிமிஷம் கொதித்தும் போட்டபடியே படுத்திருந்தது. சமையலறை முழுக்க வெந்த கொம்பு நாற்றம். பாத்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

இரண்டு: அதே தோலின் இன்னொரு நறுக்கைப் பழைய எவர்சில்வர் கரண்டியில் வைத்து அடுப்பில் எரித்தேன். பட்டைத் தோலானால் சாம்பல் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்க வேண்டும். பாசி பிடித்த சுவரின் பச்சை. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதே பச்சை, க்ரோமின் பச்சை.

பிறகு சென்ற இரண்டு வருஷ அறிக்கைகளையும் படித்தேன். மொழிநடை நன்றாக இருக்கிறது. ‘மாதிரிகள் அனைத்திலும் குரோமியம் கண்டறியும் வரம்புக்குக் கீழே.’ அது பொய் இல்லை. போத்தலில் இருந்த நீரில் குரோமியம் இல்லை. போத்தலில் இருந்த நீரில் மட்டும்.

ஆலையில் க்ரோம் இருக்கிறது. நான் எடுக்கும் நீரில் இல்லை. அப்படியானால் அது எந்த வழியாக, எந்த நேரத்தில் போகிறது?

செப்டம்பர் 15, திங்கள்

எங்கள் சோதனைக்கூட இயக்குநர் தனஞ்செயனிடம் கரண்டியையே கொண்டுபோய் மேசை மேல் வைத்தேன். சாம்பலைப் பார்த்தார். கரண்டியை ஒரு தாளின் மேல் நகர்த்தி வைத்தார், மேசை அழுக்காகாமல்.

"இந்துமதி, இது தோல். தோல் நம்ம ஒப்பந்தத்துல இல்ல. நமக்கு ஒப்பந்தம் தண்ணிக்கு."

"அங்கே க்ரோம் பயன்படுத்துகிறார்கள் சார்."

"வெளியேற்றுக் குழாய்த் தண்ணில இருக்கா?"

"இல்லை."

"அப்ப என்ன எழுதுவீங்க? மேலாளர் எனக்கு ஒரு துண்டு தோல் அன்பளிப்பாக் குடுத்தாரு, அத வீட்ல கரண்டில வெச்சு எரிச்சேன்னா?"

அன்பளிப்பு என்ற சொல்லை அவர் எவ்வளவு நிதானமாகச் சொன்னார்.

"முந்தின அறிக்கைகளைத் திரும்பப் பெறலாம்," என்றேன்.

"பெறலாம். ரெண்டுலயும் கையெழுத்து யாரோடது?"

வெளியே வந்து கரண்டியைக் கழுவினேன். பச்சை போகவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

மூன்றாவது மாதிரி. பதினொரு மணியிலிருந்து ஒரு மணிவரை வெளியேற்றுக் குழாய் அருகிலேயே நின்றேன். டீ நிற நீர். கன்னியப்பன் சுவரோரம் சுற்றி வந்தார், ஒன்றும் இல்லை என்றார். கசடுத் தொட்டியைக் கிளறினேன். சவ்வும் மயிரும்தான்.

ஒரு மணிக்கு சபாபதி வந்து பூட்ஸுக்குக் கை நீட்டினார். பசியில்லை என்றேன். மோகனரங்கமே எழுந்து வந்துவிட்டார். "உங்களுக்காகவே இன்னைக்கு மீன் சொல்லியிருக்கேன் மேடம். நீங்க சாப்பிடலன்னா எங்க ஆளுங்க யாரும் சாப்பிட மாட்டாங்க." வாசலில் பத்துப் பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டேன். மோகனரங்கத்தின் வெள்ளைச் சட்டை எதிரில். மீன் முள்ளை அவர் இலையோரத்தில் வரிசையாக அடுக்கினார். இரண்டு மணிக்கு பூட்ஸ் கழுவி வாசலில் இருந்தது.

உறை இல்லாததால் கத்தியை அந்தத் தோலில் மிஞ்சியதில்தான் சுற்றி பூட்ஸில் வைக்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

தோலைப் பிரித்தேன். அலகில் மூன்று இடத்தில் கறுப்புப் புள்ளி, துரு பிடித்திருக்கிறது. சுற்றி வைத்த சில நாளிலேயே. தோலில் தங்கிய உப்பு இரும்பைத் தின்கிறது. நான் ஒன்றரை மணி நேரம் தீட்டிய விளிம்பு.

தேய்த்து எடுத்துவிட்டேன். பள்ளம் இருக்கிறது.

செப்டம்பர் 20, சனி

உறை தயார். பியூலா நல்ல தடித்த பட்டைத் தோலில் செய்திருந்தாள். மெழுகு நூல், இரட்டைத் தையல். அடியில் ஈரம் வடிய ஒரு சிறு துளை. பூட்ஸ் வாயில் மாட்ட எஃகுப் பட்டை. கத்தியைச் செருகினால் கடைசி அரை விரற்கடையில் ‘டக்’கென்று பிடித்துக்கொள்கிறது. தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழவில்லை. முந்நூற்று நாற்பது ரூபாய்க் கத்திக்கு இது அதிகம்.

"கூலி?"

"அப்பறம் வாங்கிக்கறேன்." மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்: "செவ்வாக்கெழம மறுபடி வர்றீங்களா? கடைசி தபாவாமே."

"ஆமாம்."

"வந்து இன்னா பண்ணுவீங்க?"

"மாதிரி எடுப்பேன்."

"எத்தினி மணிக்கு?"

"பதினொன்றிலிருந்து ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டிலிருந்து மூன்று."

மிஷின் நின்றது. "நடுவுல?"

நான் அவளைப் பார்த்தேன்.

"இன்னா மேடம், நெஜமாவே தெரியாதா?" அவள் குரலில் இப்போது கிண்டல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "பின்சுவரு ஓரமா கருவேல முள்ளப் போட்டு மூடி வச்சிருக்காங்கோ பாருங்க, அதுக்கடியில பாலிதீன் குழா போவுது ஓடைக்கு. மத்த நாள்ல எப்ப வேணா தெறப்பாங்கோ. நீங்க வர்ற அன்னிக்கி தோலு ஊறுற ட்ரம்முல தண்ணி ரொம்பிடும், அடக்கி வெக்க முடியாது. அதனால நீங்க சாப்புட உக்காந்ததும் ட்ரம்மு பக்கத்து வாயக் கட்டுன கயித்த அவுத்து வுடுவாங்கோ. முக்கா மணி நேரம். நீங்க கை கழுவுறதுக்குள்ள கட்டிருவாங்கோ. இந்தக் காலனிக்கே தெரியும். பிரியாணி வாசன வந்தா துணி தொவைக்கப் போவ மாட்டோம்."

அதனால்தான் பூட்ஸ். பூட்ஸ் இல்லாமல் அந்த வளாகத்தில் யார் நடப்பார்கள்?

மூன்று வருஷத்தில் பதினோரு சாப்பாடு. வீட்டுக்கு வரும் வழியில் சாலையோரம் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தேன். புளிப்புத் தண்ணீர்தான் வந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கலாமா என்று பார்த்தேன். விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

தனஞ்செயன் அறிக்கையின் படிவத்தை அனுப்பியிருக்கிறார். எண்கள் மட்டும் காலியாக. கீழே என் பெயர் தட்டச்சாகி இருக்கிறது. புதன்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம்.

கத்தியை மறுபடி தீட்டினேன். பிடிக்குக் கடைசிப் பூச்சு எண்ணெய். நான்கு போத்தலையும் அமிலத்தில் கழுவி வைத்தேன். கன்னியப்பனிடம் பேசினேன். "எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் ரெண்டு வருசம் கீது மேடம்," என்றார். பிறகு ஒரு போத்தலைத் தூக்கிப் பார்த்து, "சரி, போத்தல நான் சட்டைக்குள்ள வெச்சிக்கறேன்," என்றார்.

நாளை சாப்பிட உட்கார மாட்டேன். பூட்ஸைக் கழற்ற மாட்டேன். ஒரு மணிக்கு நேராகப் பின்சுவருக்குப் போவேன். எழுதிவைத்தால் செய்தாக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

உட்கார்ந்தேன்.

பூட்ஸையும் கழற்றினேன். ஒரு மணிக்கு நேராகப் பின்சுவருக்குப் போயிருந்தால் கயிற்றை அவிழ்த்திருக்கவே மாட்டார்கள் என்பது சபாபதி கை நீட்டியபோதுதான் புத்தியில் ஏறியது. நான் உட்கார்ந்தால்தான் தண்ணீர் வரும். கத்தியை மட்டும் உறையோடு உருவி மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னைக்கும் கத்தியா?" என்றார் மோகனரங்கம். "அடேயப்பா, உறை பிரமாதமா இருக்கே. நம்ம தோல்தானே?"

"இல்லை. வேறு தோல்."

பிரியாணி வந்தது. நான்கு வாய் சாப்பிட்டேன். நேரம் பார்த்துக்கொண்டே மென்றேன். ஒன்று பத்துக்கு எழுந்தேன்.

"கை கழுவணுமா மேடம்? இங்கேயே..."

பின்வாசல் வழியாக இறங்கினேன். வெறுங்கால். முதலில் சூடான சிமெண்ட், பிறகு சவ்வு. அது விரல்களுக்கு நடுவே பிதுங்கி மேலே வந்தது. கொழுப்பும் சுண்ணாம்பும் குளிர்ந்த கஞ்சியைப்போல. எதிலோ எலும்பு குத்தியது. குனிந்து பார்க்கவில்லை. பின்னால் கன்னியப்பனும் வெறுங்காலோடு, "ஐயோ, ஐயோ" என்றபடி வந்தார்.

முள்ளை விலக்கினோம். என் தொடையளவு கறுப்பு பாலிதீன் குழாய், பாம்பு வளைந்து போவதுபோல அசைந்துகொண்டிருந்தது. உள்ளே ஓட்டம். ஓடைப் பக்கத்து வாய் சுவருக்கு அப்பால். இந்தப் பக்கம் திறப்பு இல்லை. யாரோ கத்தினார்கள். கட்டிவிடச் சொல்லித்தான். குழாய் தளரத் தொடங்கியது. கத்தியை உருவி ஒரே கீறு. பாலிதீன் ஓசையில்லாமல் பிளந்தது. என் முழங்கால்வரை தெறித்தது.

நீலம். பச்சை கலந்த நீலம். மயில் கழுத்து என்று சொல்லலாம், சொல்ல மனம் வரவில்லை. கன்னியப்பன் நான்கு போத்தலையும் நிரப்பினார். நான் மூடி, தேதியும் நேரமும் எழுதினேன். ஒன்று பதினாறு.

மோகனரங்கம் கையில் சோற்றுப் பருக்கையோடு வந்து நின்றார். வெள்ளைச் சட்டை.

"மேடம், என்ன இது, கால்ல பூட்ஸ் கூட இல்லாம... உடம்புக்கு ஏதாவது ஆயிடப் போகுது."

"மாதிரிச் சீட்டில் கையெழுத்துப் போடுங்கள்."

"சாப்பிட்டு முடிங்க, பேசலாம்."

‘ஆலைத் தரப்பு கையெழுத்திட மறுத்தது’ என்று நான்கு சீட்டிலும் எழுதினேன். கன்னியப்பன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வாசலில் சபாபதி இரண்டு ஜோடி பூட்ஸையும் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். அதற்குள் காலை விட முடியாது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம்.

அங்கிருந்து நேரே பியூலா வீடு. ஆழ்குழாய் அடியில் காலை நீட்டப் போனேன். வேகமாக வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "அதுல கழுவாதீங்க. அரிக்கும்." உள்ளே போய்க் கேனைத் தூக்கிவந்து, மூடியைத் திறந்து, என் காலில் ஊற்றத் தொடங்கினாள். குடிக்கிற தண்ணீர்.

"வேண்டாம் பியூலா. விலைக்கு வாங்கினது."

"கம்முனு கால நீட்டுங்க." விரல் இடுக்கெல்லாம் தேய்த்துவிட்டாள். பிறகு கன்னியப்பனுக்கும் ஊற்றினாள். அப்போதுதான் அந்த நாற்றம் என்னை அடித்தது. அழுகின முட்டை, சுண்ணாம்பு, செத்த மாடு. முதல் நாள் போலவே. இருமினேன். இருமிக்கொண்டே இருந்தேன்.

மிஷின் மேசையில் வைத்துக் கடிதம் எழுதினேன். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு நாள். காலனிக்காரர்கள் ஒரு போத்தலோடு இதையும் கொடுப்பார்கள். ஒரு போத்தல் அரசு ஆய்வகத்துக்கு, ஒன்று எங்கள் சோதனைக்கூடத்துக்கு, ஒன்று என்னிடம். தனஞ்செயன் தொலைபேசியில் கேட்டுவிட்டு, "லீவு எடுத்துக்கோங்க, நீளமா," என்றார்.

பியூலா படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன்.

‘முந்தைய இரு சான்றறிக்கைகளும் ஆலை காட்டிய குழாயில் எடுத்த மாதிரிகளை மட்டுமே அடிப்படையாகக் கொண்டவை. அவற்றை நான் திரும்பப் பெறுகிறேன். சில காலமாக மதிய வேளைகளில் ஆலை வளாகம் எங்களால் கண்காணிக்கப்படவில்லை.’

"ரெண்டு அறிக்கையும் நீங்கதான் போட்டது," என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை.

"உனக்கு எப்படி..."

"கன்னியப்பண்ணன் மொத நாளே சொல்லிட்டாரு. அப்டியும் இந்தத் தண்ணியில டீ குடுக்க மனசு வரல."

கன்னியப்பன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சில காலம்னா எவ்ளோ காலம் மேடம்?"

"மூன்று வருஷம்."

"அப்ப மூணு வருசம்னு போடுங்க. கண்காணிக்கப்படலன்னா இன்னா அது? யாரும் இல்லாத மாதிரி. சாப்புட்டுக்கினு இருந்தேன்னு போடுங்க."

அடித்துவிட்டு எழுதினேன். ‘மூன்று வருஷமாக அந்த நேரத்தில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.’ கீழே கையெழுத்து, முழுப் பெயர், பட்டங்கள் இல்லாமல்.

பியூலா தாளை வாங்கி நான்காக மடித்து மிஷின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். பிறகு கத்தியைக் கேட்டாள். உறையை உருவி, அலகில் இருந்த நீலத்தைத் துணியால் துடைத்து, எண்ணெய் தொட்டுத் தடவித் திருப்பிக் கொடுத்தாள்.